ஏற்றிவிட வந்தவள்

அண்ணாமலை நகர்,
ஆடி இரண்டாம் வெள்ளி, 2009.

அன்பு மகள் கயல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முட்டிவலி மட்டும் என்னைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தை இசைவாணியும் மெல்போர்னில் நல்லபடியாக இருக்கத் தில்லைக்காளி துணை. குழந்தைக்கு இருமல் நின்றதா? அங்கே இப்போது குளிர் என்றாயே, காதை மூடாமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். வீட்டை விற்றுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய், அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், முழுசாகப் படி.

நீதானே சொன்னாய், முதல்ல பிரான்சுல ஆரோக்கியம் அத்தைகிட்ட ஒரு மாசம் இருந்து பாரும்மா, வெளிநாடு பழகிடும், அப்புறம் எங்ககிட்ட வந்துடு என்று. டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தாய். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேனே, அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலி ஆரோக்கியம். சாயந்திரம் சிதம்பரம் வண்டியில் என்னை ஏற்றிவிட முதுநகர் ஓ.டி. ஸ்டேஷனுக்கு வருவாள். வந்தால் பிளாட்பாரத்தில் நிற்க மாட்டாள். உள்ளே ஏறி, பையை மேலே வைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர் சீட்டில் யார் இருந்தாலும் அவர்களிடம் கொஞ்சம் பாத்துக்குங்க என்று என்னை ஒப்படைத்து, விசில் ஊதின பிறகுதான் இறங்குவாள். ஒரு தடவை பேச்சு சுவாரசியத்தில் இறங்காமலே சிப்காட் கெமிக்கல் கம்பெனி நாற்றத்தையெல்லாம் தாண்டி ஆலப்பாக்கம் வரை வந்து, பஸ் பிடித்துத் திரும்பி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் போன பிறகு பிரான்சுக்கு மகனிடம் போனவள், பதினோரு வருஷம் ஆகிறது.

கயல், அவள் மகனும் மருமகளும் தங்கமான பிள்ளைகள், குறை சொன்னால் வாய் அழுகிவிடும். காலையில் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் சாயந்திரம்தான் வருவார்கள். பிரிட்ஜ் நிறைய சாமான் இருக்கிறது. ஆரோக்கியம் அடுப்படி ஜன்னலில் உட்கார்ந்து கீழே போகிற டிராமைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எக்ஸ்சேஞ்சில் அவள் பேசினால் தெருவில் கேட்கும், இப்போது பக்கத்தில் இருக்கிற எனக்கே காதில் விழவில்லை. ஏண்டி இப்படி முணுமுணுக்கிறே என்று கேட்டேன், சத்தமா பேச ஆளு வேணும்ல என்றாள். நான் வந்த இரண்டாம் நாளே அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது.

என்னைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று ரயில் ரயிலாக இழுத்துக்கொண்டு அலைந்தாள். நம் ஊரில்தான் பாதையை அகலமாக்குகிறோம் என்று வண்டியை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, ரயில் சத்தம் கேட்டாலே எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த ரயில் நமக்குச் சரிப்படாது. ஏறுவதற்கு முன்னால் டிக்கெட்டை நாமே ஒரு மஞ்சள் பெட்டியின் வாயில் கொடுத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். ரயில் பெட்டியில் நம் பேர் போட்ட சார்ட் ஒட்டியிருக்கிறதா என்று நான் தேடினேன், சிரித்தாள். ஒரு நாள் அவள் முன்னால் இறங்கிப் போய்விட்டாள், நான் பின்னால் ஆட்கள் இறங்கட்டும் என்று நின்றேன், கதவு மூடிக்கொண்டது. பொத்தானை அமுக்கினால்தான் திறக்குமாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, அவள் வரும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேர் போகிறார்கள் வருகிறார்கள், எந்த ஊரு, எங்க போவணும் என்று ஒருவர் கேட்கவில்லை. அழுகை வந்துவிட்டது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

திரும்புகிற அன்று அவள் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்துக்கே நேராகப் போகிற வேக ரயில், வழியில் எங்கும் நிற்காது. நான் போயி ஏத்திவுட்டுட்டு வரேன் என்று ஆரோக்கியம் கிளம்பிவிட்டாள். பழைய மாதிரியே உள்ளே ஏறி, பையை மேலே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே ஏது விசில். ஒலிபெருக்கியில் என்னமோ சொன்னார்கள், கதவு மூடிக்கொண்டது, வண்டி கிளம்பிவிட்டது. அவளிடம் டிக்கெட் இல்லை, போன் இல்லை, செருப்புகூட வீட்டுச் செருப்பு. அவள் என்னவென்றால், ஆலப்பாக்கம்தான் போ, என்று சிரிக்கிறாள். டி.டி.ஆர். வந்தார், அவர் பாஷையில் ஏதோ சொன்னாள், அவரும் எங்கள் இரண்டு கிழவிகளையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வழி நெடுக வாய் ஓயாமல் பேசினாள், நானும் பயத்தை மறந்து பேசினேன். அந்த ஒரு மாசத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நாங்கள் நாங்களாக இருந்தோம்.

விமான நிலையத்தில் இறங்கி அவளுக்குத் திரும்ப டிக்கெட் எடுத்து, இந்தத் தடவை நான் அவளை ஏற்றிவிட்டேன். உள்ளே ஏற எனக்குத் தைரியம் இல்லை. பிடித்துக்கொண்டு நிற்க ஜன்னல் கம்பியும் இல்லை, திறக்காத கண்ணாடி. ஏறப்போன ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஆரோக்கியத்தைக் காட்டி, கொஞ்சம் பாத்துக்கம்மா என்று தமிழிலேயே சொன்னேன். என்ன புரிந்ததோ, தலையாட்டினாள்.

சென்னையில் இறங்கி பஸ் பிடித்து வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தேன். வீட்டு வேலைக்கு வருகிற முத்தம்மாள் பெருக்கித்தான் வைத்திருந்தாள், ஆனாலும் மூடிக் கிடந்த வாடை. வந்த கையோடு ஆரோக்கியத்துக்குப் போன் போட்டு, கதவு மூடுறதைக்கூடக் கவனிக்காம அப்படி என்னடி பேச்சு, ஏதாவது ஆகியிருந்தா என்ன பண்ணுவே என்று திட்டினேன். அவள் சொன்னாள், பதினோரு வருஷமா பாக்குறேன் லோகா, கதவு மூடுமின்னு எனக்குத் தெரியாதா. ஏத்திவுட வந்தவங்க இறங்குங்கன்னு சொன்னது காதுல நல்லாத்தான் வுழுந்துச்சி. எழுந்திரிக்க மனசு வரல.

நான் வரவில்லை கயல். உன் மேல் வருத்தம் எதுவும் இல்லை, நீயும் என்னைத் தங்கமாகத்தான் பார்த்துக்கொள்வாய், அது எனக்குத் தெரியும். இங்கே மட்டும் என்ன வாழுகிறது, விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் என் மூச்சு எனக்கே கேட்கிறது. ஆனாலும் ஊருக்கு வந்த மறுநாள் கடைத்தெருவில் காய் விற்கிற செல்லாயி, இத்தினி நாளா எங்க போய்ட்ட, சொல்லிட்டுப் போவக்கூடாதா என்று சண்டைக்கு வந்தாள். எனக்கு அது போதும். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறேன், இல்லை நீ வா. வீட்டை விற்கிற பேச்சு இனி வேண்டாம்.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். ஆரோக்கியம் அத்தைக்கு ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போடு, அவள் கத்திப் பேசினால் பேசட்டும், வைத்துவிடாதே. இங்கே ஸ்டேஷனில் புதுத் தண்டவாளம் போட்டாகிவிட்டது, அடுத்த வருஷம் வண்டி விடுவார்கள் என்கிறார்கள். நீ வந்துவிட்டுத் திரும்பும்போது சிதம்பரத்திலேயே ரயில் ஏறலாம். ஏற்றிவிட நான் வருவேன், உள்ளே வந்து உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். பயப்படாதே, விசில் ஊதினால் இறங்கிவிடுவேன்.

உன் அம்மா,
லோகநாயகி