காலியாக இருந்த முன் சீட்

என் தங்கத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அவருடைய முழங்கால் வலிகூட இந்த மாதம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே அதே போல் சௌக்கியமாக இருந்தால் அதுவே போதும் எனக்கு. போனில் பேசின பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நீ "சரிம்மா, பாக்கறேம்மா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

புது கார் இன்னும் வந்தபாடில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஷோரூமில் இழுத்தடிக்கிறார்கள், முதலில் ஏதோ ஒரு சின்ன பாகம் வரவில்லையாம், இப்போது நாங்கள் கேட்ட நிறம் வரவில்லையாம். நீலம் கேட்டது நான்தான், அதனால் தாமதத்துக்கெல்லாம் நானே காரணம் என்று உன் அப்பா நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் மூக்கில் பிரேமை மாட்டிவிட்டுக்கொண்டே சொல்கிறார். சாவி வருவதற்கு முன்பே கீ செயின் வாங்கி ஆணியில் மாட்டியாகிவிட்டது, தினமும் அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறார்.

அதுவரை பழைய காரில்தான் போய்வருகிறோம். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனியிலிருந்து போன் வந்தது, இந்த மாடலில் முன் சீட் ஏர்பேக்கில் கோளாறு, லேசாக இடித்தாலும் வெடித்து இரும்புத் துண்டு தெறிக்கலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. உன் அப்பா முழுசாகக் கேட்டாரா? முன் சீட் என்றதுமே போதும் அவருக்கு, போனை வைத்துவிட்டு, "இனிமே நீ முன்னாடி உட்காரக் கூடாது" என்று என்னைப் பின்னால் அனுப்பிவிட்டார். அதே மாடல் கார் வைத்திருக்கிற உனக்கும் அன்றைக்கே போன் போட்டு, "பக்கத்துல யாரையும் உட்கார வைக்காதே, அது போதும்" என்று சொன்னாரே, அந்தக் கதைதான். மாற்று ஏர்பேக் வர நாளாகும் என்றார்கள், வாரக்கணக்கில் நான் பின் சீட் மகாராணி. மாடி வீட்டு டீச்சர் எங்களுக்குள் சண்டை என்றே முடிவு கட்டி, "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று எனக்குப் புத்தி சொன்னாள். ஆரஞ்சுச் சுளையைப் பின்னாலிருந்து நீட்டினால் அவர் காதில் போய் இடிக்கும். பிரேக் போடுங்கள் என்று கத்தினால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார். சிரிப்பாகத்தான் போனது.

போன வாரம் வொர்க்‌ஷாப்பில் விட்டோம். மெக்கானிக் நேராக ஸ்டியரிங்கைக் கழற்ற ஆரம்பித்ததும் உன் அப்பா, "அது இல்ல தம்பி, அந்தப் பக்கம்" என்றார். "அந்தப் பக்கம் நல்லாத்தான் சார் இருக்கு, கோளாறு டிரைவர் பக்கம்தான், போன்ல சொல்லியிருப்பாங்களே" என்றான் அவன். என்னைப் பத்திரமாகப் பின்னால் வைத்துவிட்டு, இந்த மனுஷன் அத்தனை நாளும் அதை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவருக்குத் தன் முன்னால் இருப்பது தெரியவில்லையா என்று அங்கேயே பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். அவர் அசடு வழிந்துகொண்டு, "முன் சீட்னதும் எனக்கு நீதானே ஞாபகத்துக்கு வந்தே" என்றார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது, சொல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

புதுசு மாட்டியாகிவிட்டது, நானும் முன்னால் வந்துவிட்டேன், சுளை இப்போது நேராக வாய்க்கே போகிறது. நீலக் கார் மெதுவாகவே வரட்டும். ஆனால் உன் கார் என்ன ஆயிற்று? அதே மாடல், அதே வருஷம், அப்பா பேச்சைக் கேட்டு நீ வாங்கினது. அன்று மாலையே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நீ என்னடாவென்றால், "வாண்டு பின்னாடிதாம்மா உட்கார்றான், பக்கத்து சீட் காலி, லீவு கிடைச்சதும் விடறேன்" என்கிறாய். அப்படியே உன் அப்பாவை உரித்து வைத்திருக்கிறாய். மற்றவர்களைப் பத்திரமாக உட்கார வைத்துவிட்டால் உங்கள் இருவருக்கும் வேலை முடிந்தது. லீவுக்கெல்லாம் காத்திருக்காதே, நாளைக்கே வொர்க்‌ஷாப்பில் கேள், மாற்றித் தரும் வரை பஸ்ஸில் போ, மாப்பிள்ளையிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். வாண்டுக்கு என் முத்தம். உன் பிள்ளை பின் சீட்டில் பத்திரமாக இருக்கிறான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஸ்டியரிங்குக்கு எதிரே உட்கார்ந்திருப்பது என் பிள்ளை, அதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மறுபடியும் முன் சீட்டுக்கு வந்துவிட்ட
உன் அம்மா