எழுதிக் கொடுக்காத மன்னிப்பு

நவம்பர் 12, செவ்வாய்

ஏழாம் வகுப்பு இங்கிலீஷில் இன்றைக்கும் அட்வெர்ப்தான், வினையடை. ஆல்வேஸ், நெவர், யூஷுவலி எல்லாம் வினைச்சொல்லுக்கு முன்னால் வரும். ஆம், இஸ், வாஸ் இருந்தால் அதற்குப் பின்னால். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் எதையும் திணிக்கக் கூடாது. 'பாலை மெதுவாகக் குடித்தேன்', 'மெதுவாகப் பாலைக் குடித்தேன்' — தமிழில் எப்படிச் சொன்னாலும் பால் உள்ளே போய்விடும். ஆங்கிலத்தில் 'ஐ டிராங்க் ஸ்லோலி த மில்க்' என்றால் சோற்றில் கல் கடித்த மாதிரி இருக்கும். தொண்டை வற்றச் சொல்லியாயிற்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிபட்டுவிட்டது, ஆர்த்திகாவைத் தவிர. கெட்டிக்காரி. மற்றப் பாடத்தில் எல்லாம் அவள்தான் முதல். வாயைத் திறந்தால் 'டெய்லி ஐ ஆம் ஈட்டிங் புட்டு', 'நெவர் ஐ ஆம் கோயிங் டு பீச்'. தைரியமாக, சத்தமாக, தப்பாக.

"யாரு பிள்ளே இப்பிடிச் சொல்லித் தந்தது?"

"எங்க அப்பா, மிஸ். மஸ்கட்டுல இருந்து தினமும் எனக்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவாரு."

அப்பா சொல்வது தப்பு என்றேன். எல்லார் முன்னாலும் பத்துத் தடவை சரியாகச் சொல்ல வைத்தேன். பின்னே பள்ளிக்கூடம் எதற்கு இருக்கிறது?

நவம்பர் 19, செவ்வாய்

தாளாளர் செல்வதாஸ் கூப்பிட்டு அனுப்பினார். ஆர்த்திகாவின் அப்பா ரதீஷ் மஸ்கட்டிலிருந்து அவரிடம் போன் பேசினாராம். நான் பெற்றோரை அவமதித்தேனாம். மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

"அவரு கம்பெனில ஃபோர்மேன், டீச்சர். வெள்ளக்காரன்கிட்டயே இங்கிலீஷ் பேசி வேல வாங்குகாரு. அந்த அட்வெர்ப் முன்ன இருந்தா என்ன, பின்ன இருந்தா என்ன? ஃபீஸ் நேரத்துக்கு வருதா இல்லியா?"

நான் எம்.ஏ. இங்கிலீஷ். அதற்குத்தான் என்னை வேலைக்கு எடுத்தார். தப்பைத் தப்பு என்று சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்கணுமா? கணக்கு வாத்தியாரிடம் போய், ஏழும் அஞ்சும் பதிமூணு என்று ஒரு அப்பா சொன்னால் விட்டுவிடுங்கள் என்பாரா இந்த மனுஷன்? இங்கிலீஷ் என்றால் மட்டும் எல்லாருக்கும் இளக்காரம்.

நவம்பர் 20, புதன்

எழுத மாட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஷாஜன் ஒரே பாட்டு. "ஏட்டி, ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரு. கொஞ்சம் வளஞ்சு குடுத்தா முதுகு ஒடிஞ்சா போவும்?"

"உங்க கடையில ஒருத்தன் நல்ல செல்போனக் கெட்டதுன்னு சொன்னா நீங்க மன்னிப்புக் கேப்பியளா?" என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே, கேப்பேன் என்கிறார். கட்டின புருஷனே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன.

டிசம்பர் 2, திங்கள்

தாளாளர் நினைத்ததைச் செய்துவிட்டார். ஏழாம் வகுப்பு இன்று முதல் சின்ன டீச்சர் ஜாஸ்பினுக்கு. எனக்கு யு.கே.ஜி. ஏ ஃபார் ஆப்பிள், மூக்குத் துடைப்பது, ஷூ லேஸ் கட்டிவிடுவது. எழுதிக் கொடுக்கிற அன்றைக்கு ஏழாம் வகுப்பு திரும்பக் கிடைக்கும் என்று ஆபீஸ் கிளார்க் வழியாகச் சொல்லியனுப்பினார். முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூட வகையில்லை.

ஜாஸ்பின் கண் கலங்கி நின்றாள். "அக்கா, எனக்கிட்ட கோவப்படாதீங்க." இவளிடம் கோபப்பட்டு என்ன செய்ய? வகுப்பை ஒப்படைக்கும்போது ஆர்த்திகா என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. அது வேறு நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. உனக்காகத்தானே பிள்ளே இவ்வளவும்.

டிசம்பர் 27, வெள்ளி

சாயங்காலம் வாசலில் ஒரு ஆள். கையில் பேரீச்சம்பழப் பெட்டி. "ஆர்த்திகாக்க அப்பா ரதீஷ். லீவுல வந்தேன்" என்றார். வரட்டும், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிடலாம் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். ஷாஜன் அதற்குள் உட்காரச் சொல்லிக் கேக்கும் எடுத்து வைத்துவிட்டார்.

"டீச்சர், உங்கள கிளாஸ் மாத்தினது எனக்கு நேத்துதான் தெரியும். நான் அதுக்கா போன் பண்ணினேன்? பிள்ள எனக்கிட்ட பேச மாட்டேங்கு. நான் வாயத் தொறந்தா, அப்பா தப்பு, அப்பா தப்புன்னு சொல்லுகு. ஸ்பீக்கர்ல கேட்டு ரூமுல உள்ளவனுவ எல்லாம் சிரிச்சானுவ. செரின்னு தமிழ்ல பேசினேன். சாப்பிட்டியா, படிச்சியா — ரெண்டு நிமிசத்துல பேச்சு தீந்துபோவுது. இங்கிலீஷ்னா அதுக்கு ஒரு விளையாட்டு. ஒரு மணிக்கூர் பேசும். டீச்சர்ட்ட சொல்லி பிள்ளயப் பேச வைங்கன்னுதான் சாருக்கிட்ட கேட்டேன்."

அதைத்தான் அந்த மனுஷன் புகார் ஆக்கியிருக்கிறார். ஒரு தகப்பன் சங்கடப்பட்டுச் சொன்னதை எடுத்து என் கழுத்தில் கத்தியாக வைத்திருக்கிறார். சீ.

தாளாளரிடம் வந்து பேசுகிறேன் என்றார் ரதீஷ். வேண்டாம், யாரும் எனக்காகக் கெஞ்ச வேண்டாம் என்றேன்.

கிளம்பும்போது கேட்டார்: "நான் பேசுகது அவ்வளவு தப்பா டீச்சர்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. தப்புதான் என்றேன்.

"அப்போ எனக்கும் சொல்லித் தாங்க. பிள்ளைக்க முன்ன வெக்கப்படாண்டாம்லா."

ஆல்வேஸ் எங்கே, டெய்லி எங்கே, எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு போனாலும் ஒரு மாணவர் கிடைத்தார் என்று பெருமையாகக்கூட இருந்தது. ஜனவரி முதல் வாரம் திரும்பிப் போகிறாராம்.

ஜனவரி 21, செவ்வாய்

மதியம் யு.கே.ஜி. வாசலில் ஆர்த்திகா வந்து நின்றாள். கை கழுவுகிற சாக்கில் வந்திருக்கிறாள்.

"மிஸ், அப்பா இப்போ ஒரு தப்பும் இல்லாம பேசுகாரு."

நல்லதுதானே பிள்ளே என்றேன்.

"ஒவ்வொரு வார்த்தைக்கும் யோசிச்சு யோசிச்சுப் பேசுகாரு மிஸ். யாரோ மாதிரி இருக்கு. கொஞ்சம் பேசிட்டு, டியூட்டி இருக்குன்னு போன வச்சிருகாரு. நானும் இனி திருத்தவே மாட்டேன்னு சொல்லிட்டேன். அவரு கேக்கல்ல."

மணி அடித்தது, ஓடிவிட்டாள். பிற்பகல் முழுவதும் குட்டிகள் என்ன எழுதினார்கள் என்றே நான் பார்க்கவில்லை.

பள்ளி விட்டதும் அவளிடமே நம்பர் வாங்கி, வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். "ரதீஷ், பெமிலா டீச்சர் பேசுறேன். நான் சொல்லித் தந்ததெல்லாம் செரிதான். ஆனா பிள்ளைக்கிட்ட அதப் பாத்துப் பேச வேண்டாம். பழையபடி பேசுங்க. என்ன மன்னிச்சிருங்க."

அந்தப் பக்கம் இயந்திரம் ஓடுகிற இரைச்சல். அதற்கு மேலே சத்தமாக, பதறிப்போய்ச் சொன்னார்: "நோ, நோ டீச்சர். நெவர் யூ ஆர் டூயிங் எனி மிஸ்டேக்."

நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தாளாளருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். நாளைக்கு யு.கே.ஜி.க்கு எச் ஃபார் ஹென்.