ஏழு மணிச் செபமாலை

அறந்தாங்கி,
12-3-1962, திங்கட்கிழமை, மாலை 7.25.
செபமாலை எண்ணிக்கை 41. விடுபட்டது இல்லை.

அன்புள்ள செல்விக்கு,

சேசுநாதர் கிருபையால் நான் நலம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? நீ பிரசவத்துக்கு ஆவூர் போகும்போது பேசிக்கொண்டபடி, தினமும் மாலை ஏழு அடிக்கும்போது நீ அங்கிட்டும் நான் இங்கிட்டும் முழங்காலில். இன்றோடு நாற்பத்தொரு நாள். ஒரு நிமிஷம் பிந்தியதில்லை. "மாப்பிள்ளை கரண்டு கம்பத்தைச் சுத்துற ஆளு, கோயிலைச் சுத்துவாரா?" என்று உன் அண்ணன் கலியாணத்தில் கேலி பேசினாரே, அவருக்கு இந்தக் கணக்கை வாசித்துக் காட்டு.

சென்ற திங்கட்கிழமையைக் கேள். ஆவுடையார்கோயில் சாலையில் புது டிரான்ஸ்பார்மர். எண்ணெயில் ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க, அடி வால்வைத் திறந்து சீசாவில் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மணி ஆறு ஐம்பது. வேறு ஆளாக இருந்தால் அன்றைய செபத்தை விட்டிருப்பான். நான் பையைச் சைக்கிளில் மாட்டி மிதித்த மிதியில் ஆறு ஐம்பத்தொன்பதுக்கு அறையில் இருந்தேன். வேலைக்கு நடுவிலும் ஆண்டவரை நெருங்கலாம். நேரக் கட்டுப்பாடு வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை 212 கம்பம் நட்டாயிற்று. இந்தப் பக்கத்தில் இவ்வளவு நேரான லைன் வேறு இல்லை. அந்த டிரான்ஸ்பார்மர்தான் மறுநாள் எண்ணெய் இல்லாமல் சூடேறி எரிந்துபோயிற்று. விடிவதற்குள் எண்ணெய் முழுக்க ஒழுகியிருக்கிறது. உதவியாள் கருப்பன் வால்வை இறுக்காமல் விட்டுவிட்டான். அப்படியே ரிப்போர்ட் எழுதினேன். அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் இரும்புக்கு வருத்தம் தெரியாது.

தபசு காலம் என்று பட்டினி கிடக்காதே.

உன்,
தைரியநாதன்.

ஆவூர்,
19-3-1962, சூசையப்பர் திருநாள்.

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதிக்கொண்டது. நாங்கள் இருவரும் சுகம். உள்ளே இருப்பவர் உங்களைப் போலவே அவசரக்காரர், உதைக்கிறார். கடிதத்தை அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இனிக் கேலி பேசமாட்டேன் என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஒரு நாள்.

மறுநாள் கருப்பண்ணன் பெண்சாதி செவந்தி வந்தாள். கீரனூர்ச் சந்தைக்கு வந்தவள், பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மடி நிறைய முருங்கைக்கீரையோடு வந்துவிட்டாள். கருப்பண்ணன் இப்போது கல் உடைக்கப் போகிறாராம். அவள் கோபமாக நாலு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். சொல்லவில்லை.

"ஓவர்சீயர் அண்ணன் படிச்சவுக. அவுக எழுதுனா சரியாத்தான் இருக்கும் தங்கச்சி. எங்க வீட்டு ஆளுக்குத்தான் கவனம் பத்தாது. ஆனா அந்தப் பெரிய ஸ்பேனரை அவுக யாரையும் தொட விடமாட்டாகளாம்ல? அதையும் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுது எங்க ஆளு" என்று சிரித்தாள்.

கீரை ஆய்ந்துகொண்டே உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். வால்வைத் திறந்ததை எழுதியிருக்கிறீர்கள். மூடியதை எழுதவில்லை.

இன்று பூசையில் சாமியார் பிரசங்கம் வைத்தார். சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லையாம். செய்தது மட்டும்தான் இருக்கிறதாம். தச்சராச்சே, ஆணியைப் பாதி அடித்துவிட்டுச் செபத்துக்கு ஓடியிருப்பாரா என்று வீடு வரும் வரை யோசித்தேன்.

உங்கள்,
மரிய செல்வி.

அறந்தாங்கி,
23-3-1962, வெள்ளிக்கிழமை, மாலை 7.30.
செபமாலை எண்ணிக்கை 52.

செல்விக்கு,

உனக்கு டிரான்ஸ்பார்மர் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை. வேலை முடிந்ததும் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உதவியாள் வேலை. நான் யாருக்காக ஓடினேன்? உனக்குக் கொடுத்த வார்த்தைக்காக ஓடினேன். அதற்கு நீ செய்யும் மரியாதை இதுவா? சூப்பர்வைசர் பதவிக்கு என் பேர் மேலே போயிருக்கிறது. இந்த நேரத்தில் இதைக் கிளறாதே.

தைரியநாதன்.

ஆவூர்,
28-3-1962.

அத்தான் அவர்களுக்கு,

ஒரே கேள்வி. அந்த வால்வை இறுக்க எந்தச் சாமான் வேண்டும்? அன்று ஆறு ஐம்பதுக்கு அது யார் பையில் போயிற்று?

தேவமாதா கால் மணி நேரம் காத்திருக்க மாட்டாளா? அந்த எண்ணெய்ப் பிசுக்கிலேயே உங்கள் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள்.

பதில் வரும்வரை ஏழு மணிக்கு நான் உங்களோடு சேரமாட்டேன். எட்டு மணிக்குத் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

செல்வி.

அறந்தாங்கி,
5-4-1962, வியாழக்கிழமை, காலை 5.50.
செபமாலை எண்ணிக்கை 64 என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.

அன்புள்ள செல்வி,

ஸ்பேனர் என் பையில்தான் இருந்தது. வெறுங்கையால் இறுக்குகிற வால்வு இல்லை அது. எரிந்த இடத்தில் நின்று பையைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கருப்பன் பக்கத்தில்தான் நின்றான். பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. அதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஏழு மணிக்கு முழங்கால் போட்டு மந்திரங்களை எண்ணுகிறேன். செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் சரியாக இருக்கிறது. அந்தப் பக்கம் நீ இல்லை. ஆண்டவரும் இல்லையோ என்று முந்தாநாள் தோன்றிற்று. சொல்லி முடிக்காமல் எழுந்துவிட்டேன்.

நேற்று புது ரிப்போர்ட் எழுதினேன். "வால்வைத் திறந்தது நான். மூடாமல் போனது நான். மூடும் சாமான் என்னிடம் இருந்தது. கருப்பன்மேல் குற்றமில்லை. எனது முந்தைய ரிப்போர்ட் பொய்." ஐந்தே வரி. இந்த ஆபீசில் இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட்டை எவனும் எழுதியதில்லை. அதை நான் சொல்லிக்கொள்ளத்தான் செய்வேன். சூப்பர்வைசர் பதவி போய்விடும். இருக்கிற வேலையும் போனால் போகட்டும். 212 கம்பமும் நேராக நிற்கிறது. பிறக்கிற பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்தே சொல், கம்பத்தையும் வால்வையும்.

இனிச் செய்யப்போவது:

1. நாளை காலை பத்து மணிக்கு ரிப்போர்ட்டை என்ஜினீயர் கையிலேயே கொடுப்பேன். தபாலில் போடமாட்டேன்.

2. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிக் கருப்பன் வீட்டுக்குப் போவேன். அந்த ஐந்து வரியையும் வாசலில் நின்று, செவந்தி காதில் விழும்படி வாசிப்பேன்.

3. அவனைத் திரும்ப எடுக்கும்வரை ஆபீஸ் வாசலை விடமாட்டேன். எடுத்த பிறகு பெரிய ஸ்பேனர் அவன் பையில் இருக்கும்.

4. அது முடிந்ததும் ஆவூர். முதலில் கோயில், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம். சாமியாரை அதிக நேரம் காக்க வைக்கமாட்டேன்.

5. பிறகு உன் வாசல். உள்ளே கூப்பிடுவது உன் இஷ்டம்.

6. கூப்பிட்டால், நீ சொல்கிற நேரத்துக்கு உன் பக்கத்தில் முழங்கால் போடுவேன். எண்ணிக்கை 1.

தைரியநாதன்.