பிழையென்று அழித்த தேங்காய்கள்

சனிக்கிழமை நீ வேலை செய்த கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததுமே அந்த மணம் வந்தது: ஈரச் சாக்கு, தும்பு, எங்கோ ஒரு காய் வெடித்துக் கசிந்த இளம்புளிப்பு. காய்கறிப் பகுதிக்கு முன்னால் தேங்காயைக் குவித்திருந்தார்கள். மறுநாள் ஊன்ட்றொப் கோயிலில் அம்பாளுக்குத் தேர். ஜேர்மனியில் ஞாயிறு கடைகள் பூட்டு என்பதால் டென்மார்க்கிலிருந்தும் ஹொலண்டிலிருந்தும் வந்த சனம் எல்லாம் சனிக்கிழமையே வாங்கியாக வேண்டும். நான் மாலைவரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தேன். கடை பூட்டும்போது மிச்சம் பதினொரு காய். ஒருவரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. அழுகிப்போக ஒரு குவியலும் மிஞ்சவில்லை. எங்கள் வேலையில் இதைவிட நல்ல நாள் கிடையாது. சொல்லி மகிழத்தான் நீ இல்லை. பெப்ரவரியோடு நீ போய்விட்டாய்.

உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கெல்சென்கிர்ச்சனில் ஒரே சூப்பர்மார்க்கெட்டில் நாம் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியைத் தொடங்கியபோது இருவருக்கும் பதினேழு வயது. வாடிக்கையாளர்கள் நம்மைச் சகோதரிகள் என்றே நினைத்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் மறுப்புச் சொல்லிக் களைத்துப்போவேன். "ஓமெண்டு சொல்லடி. அவைக்குச் சந்தோசம், எங்களுக்கு என்ன நட்டம்?" என்பாய் நீ.

நீ திரையை நம்பியதே இல்லை. இருப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொன்னால் தட்டின் கடைசிவரை கையை விட்டு எண்ணுவாய். "திரையில பன்னிரண்டு யோகட் நிக்குது. ஒண்டு உடைஞ்சிட்டுது, ரெண்டை ஆரோ களவெடுத்திட்டினம், ஒண்டை ஷாம்பூவுக்குப் பின்னால ஒளிச்சு வைச்சிருக்கினம். இந்த எட்டுத்தான் உண்மை." நான் புத்தகங்களில் வாசித்துப் புரிந்துகொண்டதையெல்லாம் நீ கையை விட்டே அறிந்திருந்தாய்.

பிறகு நான் பிராங்பேர்ட்டில் தலைமை அலுவலகத்துக்கு வந்தேன். நீ கோயிலுக்குக் கிட்ட உள்ள கிளைக்குப் போனாய். எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு அனுப்புவது என்று பார்ப்பது என் வேலை. கூடினால் அழுகும், குறைந்தால் தட்டு காலியாகும். போன வருடம் விற்றதை வைத்துக் கணினி ஒரு தொகை சொல்லும். வழக்கத்துக்கு மாறான விற்பனை ஏதும் இருந்தால் சிவப்பில் காட்டி, இது தட்டச்சுப் பிழையா என்று கேட்கும். ஓம் என்று அழுத்தினால் அந்த விற்பனையைக் கணக்கில் எடுக்காது.

நான் வேலைக்குச் சேர்ந்த அந்த வசந்தத்தில் உன் கிளையிலிருந்து சில சிவப்பு வரிகள் வந்தன. முந்திய ஆண்டுத் திருவிழாச் சனிக்கிழமையின் பற்றுச்சீட்டுகள். ஒன்றில் நாற்பது தேங்காய். இன்னொன்றில் முப்பத்திரண்டு. நான்கைத்தான் நாற்பதாக அடித்துவிட்டார்களோ என்று கணினி சந்தேகப்பட்டது. இந்த நாட்டில் ஒரு வீட்டுக்கு ஒரு காய் போதும்; அதற்கு மேல் யார் வாங்குவார்கள்? அன்று பின்னேரத்துக்குள் இருநூறு வரிகளை முடிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து, பிழை என்று அழுத்தினேன்.

அந்த விரல் என்னுடையது. நேர்த்திக்காக ஒவ்வொரு வருடமும் தேருக்கு முன்னால் அம்மா தேங்காய் உடைப்பா. பையைச் சுமந்து பின்னால் நடப்பது நான். அந்தக் கட்டடம் முழுவதிலும் நாற்பது தேங்காய் எதற்கென்று தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

போன வருடத் திருவிழாச் சனி காலை பத்து மணிக்கு நீ தொலைபேசியில் வந்தாய்.

"எடி, தேங்காய் முடிஞ்சுது."

"இப்ப பத்து மணிதானே?"

"அறுபது காய் அனுப்பினா வேற என்ன நடக்கும்? முதல் வந்த அண்ணையே முப்பத்தஞ்சைத் தூக்கிக்கொண்டு போட்டார். பின்னால நிண்ட அக்கா கேக்கிறா, 'ஒரு தமிழ்ப் பிள்ளை நிண்டுமோ பிள்ளை இப்பிடி?' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

"இனி அனுப்ப ஏலாதடி. தேங்காய் கப்பலில வாற சாமான்."

"தெரியும், தெரியும். உங்கட கொம்பியூட்டருக்குத்தான் விசர். அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஒரு நூல் கட்டிவிடு."

நான் சிரித்தேன். "ஓமடி, அதுக்கு விசர்தான்" என்றேன்.

அந்தச் சனிக்கிழமையை நானே பார்க்கிறேன் என்று நீ மேலாளரிடம் கேட்டு வாங்கியிருந்தாய். துணை மேலாளர் பதவிக்கு விண்ணப்பமும் கொடுத்திருந்தாய். தேங்காய் மேசை காலியான பழி உன் பெயரில் எழுதப்பட்டது; பதவி வேறொருவருக்குப் போனது. "நல்லதாப் போச்சு. அந்தச் சாவிக்கொத்தைக் காவினா இடுப்பு முறிஞ்சிடும்" என்று சொன்னாய். பிழை தலைமை அலுவலகத்துடையது என்று உன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். எனக்கு அப்போது தகுதிகாண் காலம் முடியவில்லை. அது அனுப்பப்படாமலே கிடந்தது.

இலையுதிர் காலத்தில் உனக்கு உடம்பில் பெரிய வருத்தம் என்று தெரிந்தது. நான்கு முறை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கடைசி முறை "உனக்கு ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன்.

"நேரம் குறிச்சு டெர்மின் எடுத்தனியோ? என்னைப் பாக்க இப்ப பெரிய வரிசை" என்றாய். நான் சிரிக்க, நீ இருமினாய். தாதி ஓடி வந்தா. அதற்குப் பிறகு நீ தேங்காயைப் பற்றித்தான் கேட்டாய்.

"வாற வருசம் அறுநூறு போடு. மிஞ்சினா என்ர பேரைச் சொல்லு."

அறுநூறு போட்டேன். அழித்த வரிகளைத் தேடி எடுத்து, அவை உண்மையான விற்பனை என்று திருத்தினேன். கணினியின் தொகையை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். கிளையில் நிற்பவர் சொன்னார் என்று எழுதினேன். இப்போதெல்லாம் சிவப்பு வரி ஒன்று வந்தால் அந்தக் கடைக்கு எடுத்துக் கேட்காமல் நான் எதையும் அழிப்பதில்லை. அலுவலகத்தில் இதைக் கவனம் என்கிறார்கள்.

ஆனால் நான் காவித் திரிவது வேறொன்று. அந்த வரிகளை அழித்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? "எடி விசரி, நீயோ?" என்று கட்டில் குலுங்கச் சிரித்திருப்பாய். அல்லது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாய். சில நாள் ஒன்று நிச்சயமாகத் தோன்றுகிறது, சில நாள் மற்றது. உன்னை எனக்குப் பதினேழு வயதிலிருந்து தெரியும். இது மட்டும் தெரியவில்லை.