சார்ஜிங் கொட்டகையின் சாவி

7 ஜூலை 2025, திங்கள்

ஈரத்தோல் இழுக்கும் பேட்டரி வண்டிகளில் மூன்றாவது இன்று நடுவழியில் நின்றது. அடர்த்திமானியை விட்டுப் பார்த்தேன்: பேட்டரி அமிலத்தின் அடர்த்தி 1340. இது 1280-ஐத் தாண்டவே கூடாது. ஓட்டுநர் அஹமது பாஷாவைக் கேட்டேன். தோலை அமிலத்தில் ஊறவைக்கும் பிக்கிள் பிரிவுப் பீப்பாயிலிருந்து ஆசிட் எடுத்து ஊற்றியிருக்கிறார்!

"ஆசிட் தானே சார் கம்மியாச்சு? இங்க பீப்பா பீப்பாயா கெடக்குது. இதுக்குப் போய் கேன் தண்ணி வாங்கணுமா?"

தோல் தொழிற்சாலையில் மட்டுமே பிறக்கக்கூடிய அறிவு. வற்றுவது நீர், அமிலம் உள்ளேயே இருக்கிறது. காய்ச்சி வடித்த நீரைத் தவிர எதுவும் ஊற்றக் கூடாது. இங்கே பாதுகாப்பு அலுவலராகப் பத்து மாதமாகத் திங்கள்தோறும் தொண்டை வறளச் சொல்கிறேன். யாருக்குச் சொன்னேன்? சுவருக்கா?

8 ஜூலை

பாதுகாப்புக் கண்ணாடி ஐந்து வாங்கிக் கொடுத்தேன். இருப்பது இரண்டு. வீட்டுக்கு பைக்கில் போகும்போது தூசிக்கு மாட்டிக்கொள்கிறார்களாம். பேட்டரி மேல்புறத்தைக் கழுவ வைத்திருந்த சோடா மாவில் பாதியைக் காணோம். கொட்டகையைப் பெருக்கும் செண்பகத்தை விசாரித்தேன்.

"கேண்டீன்ல கேட்டாங்க, குடுத்தேன். நேத்து வடை நல்லா இருக்குதுன்னு ரெண்டு வாங்கி சாப்ட்டீங்களே சார்."

சுற்றிலும் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

9 ஜூலை

இரும்பு அலமாரி வந்துவிட்டது. கண்ணாடி (மூன்று புதிதாக வாங்கி மொத்தம் ஐந்து), ரப்பர் கையுறை, சோடா, வடித்த நீர், கண் கழுவும் புட்டி எல்லாம் உள்ளே. பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் திறப்பேன். ஒரே சாவி. என் இடுப்பில்.

11 ஜூலை

பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை. எதுவும் தொலையவும் இல்லை. ஒழுங்கு என்றால் இது.

14 ஜூலை, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் வேலூரில் பாதுகாப்பு அலுவலர்கள் கூட்டம். 11.10-க்கு பாஷாவின் அழைப்பு. "தண்ணி வத்திப்போச்சு சார், வண்டி நகரல. தோல் வெயில்ல கெடக்குது. சாவி?" நான் சொன்னது: "மதியம் வருகிறேன். அதுவரை தொடாதீர்கள்."

தோல் மதியம்வரை காத்திருக்குமா? ஊறல் தொட்டியிலிருந்து எடுத்த தோல் இந்த வெயிலில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

வெள்ளையாய்ப் பூத்து இறுகியிருந்த பேட்டரி மூடியைப் பாஷா திருப்புளியால் நெம்பியிருக்கிறார். அமிலம் வலது கண்ணில் தெறித்துவிட்டது. கண்ணாடி பூட்டிய அலமாரிக்குள். கண் கழுவும் புட்டியும் அலமாரியில். அறிவு கெட்ட மனுஷன்! தொடாதேன்னா தொடக்கூடாதுய்யா! — யாரைத் திட்டுகிறேன் நான்?

செண்பகம்தான் அவர் தலையைப் பிடித்துக் குடிநீர்க் குழாயடியில் அழுத்தியிருக்கிறார். போதும் போதும் என்று பாஷா கத்தியும் விடவில்லை.

"இருபது நிமிசம், இருபது நிமிசம்னு வாராவாரம் நீங்க கத்துவீங்களே சார். கடியாரத்தப் பாத்துதான் விட்டேன்."

15 ஜூலை

மருத்துவமனை. வலது கண்ணில் கட்டு. ஒரு வாரம் போனால்தான் பார்வை பற்றிச் சொல்ல முடியுமாம். பாஷா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மஹ்பூபி எழுந்து நின்று, மரியாதையாகவே கேட்டார்:

"சாமானுக்குப் பூட்டு போட்டீங்க சார். எங்க வீட்டுக்காரரு கண்ணுக்கு இன்னா போட்டீங்க?"



17 ஜூலை

விபத்து அறிக்கை. 'காரணம்' என்ற கட்டத்தில் மேலாளர் ராமமூர்த்தி பென்சிலால் எழுதித் தந்திருந்தார்: தொழிலாளியின் கவனக்குறைவு. "இதுக்கு மேல பேனா ஓட்டுங்க கிருஷ்ணராஜ். உங்களுக்கும் அதுதான் நல்லது."

அழிரப்பரை எடுத்து அவர் கண்முன்னே அழித்தேன். பேனாவால் எழுதினேன்: கண்ணாடியும் கண் கழுவும் புட்டியும் பூட்டிவைக்கப்பட்டிருந்தன. சாவி என்னிடம், வேலூரில் இருந்தது.

"பைத்தியமாய்யா உனக்கு?" என்று கத்தினார். இருபத்திரண்டு ஆண்டு வேலையில் முதல் முறையாக நானும் கத்தினேன். கட்டத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும். அதற்குத்தானே கட்டம்?

22 ஜூலை

பாஷாவுக்குப் பார்வை போகவில்லை. கொஞ்சம் மங்கல் இருக்குமாம். அந்த இருபது நிமிடம்தான் காப்பாற்றியது என்றார் மருத்துவர். எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்திருக்கிறது. வரட்டும்.

11 ஆகஸ்ட், திங்கள்

அலமாரிக் கதவுகளைப் போன வாரமே கீலோடு கழற்றிவிட்டேன். பாஷா இன்று வேலைக்கு வந்தார். கண்ணாடி, கையுறை மாட்டி, சார்ஜரை நிறுத்தி, மூடிகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சோடா நீரால் மேல்புறத்தைக் கழுவித் துடைத்தார். தகடு மூழ்கும் அளவுக்கு வடித்த நீர் ஊற்றினார். ஒரு பிழையும் இல்லை. "பூட்டு எங்க சார், அதுக்கும் கையெழுத்து போட்டு யாராவது தூக்கினு போய்ட்டாங்களா?" என்றார்.

மாலை எண்ணினேன். கண்ணாடி நான்கு. ஐந்தாவது, பாஷாவின் முகத்தில், பைக்கில், வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். பாலாற்றுப் பக்கமிருந்து மணல் காற்று. விட்டுவிட்டேன்.

விதிப்படி தவறு. நாளை ஆறாவது கண்ணாடி வாங்க வேண்டும்.