டீக்குத்தான், மதினி

என் பிரியமான மதினிக்கு,

அன்னாசித் தோலை எவ்வளவு நேரம் கொதிக்கவிடுவீர்கள்? பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. போன வாரம் நான் போட்ட டீயில் பழத்தின் வாசனையே இல்லை, துவர்ப்புதான் வந்தது. கேட்கலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி இப்படி எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தாராவியில் இந்த வருசமும் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார முடியவில்லை. உங்கள் மகள் செல்வி இரண்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். அண்ணன் வேலைக்குப் போகிறான், வருகிறான், போட்டதைத் தின்கிறான். உங்கள் பேரை மட்டும் எடுப்பதில்லை.

படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். ஐஸுக்கு இங்கே பர்ப் என்று பேர். அப்போதெல்லாம் எங்கள் சந்துக்குள் பர்ப் வந்தால் ஏதோ ஒரு வீட்டில் சாவு என்று அர்த்தம். உறவுக்காரர்கள் வந்து சேரும்வரை உடம்பை வைத்திருக்கத்தான் வாங்குவார்கள். குடிக்கிறதற்குப் பர்ப் வாங்கலாம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றியதே இல்லை.

உங்களுக்குத் தோன்றியது. மாட்டுங்காவில் நீங்கள் பாத்திரம் தேய்க்கப் போன வீட்டில், விருந்தாளிகளுக்குப் பால் ஊற்றாத டீயில் பழச்சாறு கலந்து, பர்ப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருந்ததில் உங்களுக்கும் ஒரு வாய் கிடைத்தது. அன்று முழுக்க வீட்டில் அதே பேச்சு. மறுநாளே சாக்கில் மரத்தூளோடு சுற்றிய பர்ப் கட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, தோள் நனைய, சந்துக்குள் வந்தீர்கள்.

சந்து முனை வீட்டுப் பேச்சியக்கா அதைப் பார்த்துவிட்டாள். "ஏ சொர்ணம், யாருட்டி போயிட்டா?" என்று கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. உங்களுக்கு முன்னால் ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்தாள். உள்ளே ராத்திரி ஷிப்ட் முடிந்த அண்ணன், ஈக்குப் பயந்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தான். அவ்வளவுதான். "என்னப் பெத்த ராசா!" என்று அவன் நெஞ்சிலேயே விழுந்தாள். அவன் அலறிக்கொண்டு எழுந்தான். அதைப் பார்த்து அவள் அதைவிடப் பெரிதாக அலறினாள். சத்தம் கேட்டுச் சந்தே கூடிவிட்டது.

நீங்களோ கட்டியை இறக்கக்கூட முடியாமல் வாசலில் நின்று சிரிக்கிறீர்கள். "அய்யோ அக்கா, டீக்கு! டீக்குத்தான்!"

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு டீ. தோலைக் கொதிக்கவைத்த தண்ணீரில் தேயிலையைப் போட்டு உடனே இறக்கினீர்கள், சூட்டிலேயே சீனி, பிசைந்த அன்னாசியைத் துணியில் வடிகட்டிய சாறு, ஒரு சிட்டிகை உப்பு. நன்றாக ஆறின பிறகுதான் பர்ப். "ஆறின டீயக் குடிக்கதுக்கு பர்ப் வேற வாங்கணுமாக்கும்?" என்று அண்ணன் முறைத்தான். முறைத்துக்கொண்டே இரண்டாவது தம்ளரையும் நீட்டினான். பேச்சியக்கா மட்டும் வெட்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குடித்தாள்.

அதற்குப் பிறகு பர்ப் வாங்கிவரும்போதெல்லாம் சந்து முனையிலிருந்தே குரல் கொடுப்பீர்கள். "டீக்குத்தான்! டீக்குத்தான்!" ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே வருவீர்கள். பின்னாலேயே தம்ளர்களோடு ஆட்கள் வருவார்கள். மோசம்பி என்கிற சாத்துக்குடி, நாவல், மாங்காய், எது மலிவோ அதில் டீ. பேச்சியக்காதான் எப்போதும் முதல் ஆள்.

போன வருசக் காய்ச்சலில் நீங்கள் கண்ணை மூடிய காலையில் பேச்சியக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அம்பர்நாத்திலிருந்து உங்கள் தம்பி வந்து சேர வேண்டும். அதுவரை வெயில் தாங்காது என்று அண்ணனே போய்ப் பர்ப் வாங்கிவந்தான். அவன் தலையில் கட்டியோடு சந்துக்குள் நுழையும்போதுதான் அவளும் திரும்பி வந்திருக்கிறாள்.

கூடையை வீட்டில் போட்டுவிட்டு, தம்ளரை எடுத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "சொர்ணத்துக்குக் காய்ச்சல் விட்டுட்டா? டீ கேட்டுட்டாளா? ஏ தம்பி, டீக்குத்தான்னு ஒரு சத்தங் குடுக்கப்படாதா? நான் ஒரு நிமிசம் பயந்துல்லா போயிட்டேன்."

அண்ணன் கட்டியோடு உள்ளே போய்விட்டான். வாசலில் நின்ற நான்தான் அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கினேன். மதினி, அந்த நிமிடத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அவளுக்கு அழுகைகூட வரவில்லை. என் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து நம் வீட்டு வாசலைப் பர்ப் தாண்டவில்லை. தெருவில் குச்சி ஐஸ்காரன் மணியடித்தால்கூட அண்ணன் எழுந்து உள்ளே போய்விடுவான். பேச்சியக்காவும் நம் வாசலுக்கு வருவதில்லை. தண்ணீர்க் குழாயில் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவள் என்ன தப்புச் செய்தாள், சொல்லுங்கள்?

போன வாரம் செல்வி கேட்டாள் என்று டீ போட்டேன். பர்ப் இல்லை, பானைக்குள் சொம்பை இறக்கிக் குளிரவைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "இது அம்மா டீ இல்ல அத்த. நீ டீக்குத்தான்னு கத்தவே இல்லையே."

அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் செல்வி வைத்த தம்ளரை எடுத்துக் குடித்து முடித்தான். அதைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "ஞாயித்துக்கெழம பர்ப் வாங்கிட்டு வா இசக்கி. ஆனா சந்து முனையிலயே சத்தம் குடுத்துரு. எனக்குக் கேக்கணும்."

என் குரல் உங்களுடையதுபோல எடுபடாது, மதினி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கட்டியைத் தலையில் ஏற்றியதும், முதலில் பேச்சியக்கா வாசலில்தான் நிற்பேன். அவள் தம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வரும்வரை கத்துவேன். அங்கிருந்து நம் வீடுவரை நிறுத்தமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் குரலைக் கடன் கேட்கும் நாத்தனார்,
இசக்கி