வெட்டப்பட்ட பதில்

சிகாகோ
1992 மார்ச் 8, ஞாயிறு, காலை 9.10

வெர்லீனுக்கு,

இந்த நிமிஷம்வரை அந்த வீடியோவை ஏழு முறை பார்த்துவிட்டேன். ஏழு முறையும் ஒரே இடத்தில் எனக்குக் கொதிக்கிறது.

போனில் சொல்லலாம் என்றால் உன் அக்கா ஒடெசா என் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். அதனால் கடிதம்.

'ஈரத் தீக்குச்சிகள்' குழுவின் வீடியோ கடைக்கு வந்துவிட்டது. அக்டோபரில் நாம் போன அதே கச்சேரி. 'குடும்பக் கோர்ட்' பாட்டுக்கு நம்மை மேடைக்கு இழுத்தார்களே, அதுவும் இருக்கிறது. ஆனால் பாதிதான் இருக்கிறது. குழுத் தலைவர் ஹோசியா நீதிபதி தொப்பியோடு, "ஏம்மா, இந்த ஆள விட்டுத் தொலைக்கணும்னு ஏன் கேக்குற?" என்கிறார். நீ மைக்கைப் பிடித்து, "ஐயா, ஒருநாள் சமையல்கட்டுல உக்காந்து அழுதேன். இந்த ஆளு எந்திரிச்சு வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்து, மோட்டாரைத் தட்டிப் பாத்தாரு" என்கிறாய். சிரிப்பில் கூரை பிய்த்துக்கொள்கிறது. உடனே உன் பாட்டு:

கண்ணீர் விட்டேன் சமையல்கட்டுல, மோட்டாரைத் தட்டுறான் ஐயா,
ஐயோ, கண்ணீர் விட்டேன் சமையல்கட்டுல, மோட்டாரைத் தட்டுறான் ஐயா,
நான் ஐஸ் வைக்கிற பெட்டியா பொறந்திருந்தா என்னையும் தொடைப்பான் ஐயா!

சரி. வழக்கப்படி அடுத்தது புருஷனின் பதில், புருஷனின் பாட்டு, பிறகு இருவரையும் சேர்த்து ஆடவிடுவார்கள். எந்தக் கச்சேரியிலும் இது மாறியதில்லை. வீடியோவில் என் பதில் இல்லை! ஜனங்கள் சிரிக்கிறார்கள், நேரே அடுத்த பாட்டு. நான் மரக்கட்டைபோல நின்றேன் என்றுதானே பார்ப்பவன் நினைப்பான்?

வெட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆதாரம் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் ஒருவன் இருமுகிறான். பாட்டுக்கு முன்னால் வந்த சிரிப்பிலும் அதே இருமல். ஒரே சிரிப்பைப் பிரதி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பேஸ் கிட்டாரில் ஆரம்பம் முதல் கடைசிவரை மின்சார இரைச்சல் வேறு. இதற்குப் பத்தொன்பது டாலர்.

நான் பதில் சொன்னேன். "நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், வெர்லீன்" என்று சொன்னேன். அதை வீடியோவில் திரும்பச் சேர்க்கச் சொல்லி நாம் இருவரும் கையெழுத்துப் போட்டு ஹோசியாவுக்கு எழுத வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

இன்னொன்று. அந்த ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் உண்மையாகவே கெட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் சொல்வதில்லை.

வெண்டெல்


கேரி, இந்தியானா
மார்ச் 14

அன்புள்ள வெண்டெல்,

உன் கடிதம் கிடைத்தது. நல்ல கையெழுத்து, நல்ல கோபம். மூன்று பக்கத்திலும் வீடியோ. ஜனவரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் இங்கே எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி தேடினேன், அகப்படவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். எனக்கிருந்த இருமல் போய்விட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஒடெசா மீன் வறுக்கிறாள், நான் சோள ரொட்டி சுடுகிறேன்.

வீடியோவை நான் பார்க்கவில்லை. ஒடெசாவின் சர்ச் தோழிகள் பார்த்துவிட்டார்கள். போன ஞாயிறு வாசலிலேயே ஒருத்தி, "ஏண்டி ஃப்ரிட்ஜு, சௌக்கியமா?" என்றாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஒரு செய்தி. செயின்ட் லூயிஸில் ஒரு பல் டாக்டரிடம் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் 13, திங்கட்கிழமைக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். சரி என்று சொன்னால் அங்கேயே வீடு பார்த்துவிடுவேன். சிகாகோவுக்குத் திரும்புகிற பேச்சு இருக்காது. அதற்குள் உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் சொல். வீடியோவைப் பற்றி இல்லாமல்.

கையெழுத்தைப் பற்றிப் பிறகு.

வெர்லீன்


சிகாகோ
மார்ச் 19, வியாழன்

வெர்லீனுக்கு,

இருமல் போனது நல்லது. செயின்ட் லூயிஸ் பற்றிப் பேசுவோம். ஒரு நிமிஷம் இரு, முதலில் இதை முடித்துவிடுகிறேன்.

ரசிகர் மன்றத்தின் மாதத் தாள் வந்திருக்கிறது. நான்கு பக்கமும் வீடியோவைப் பற்றிய அபிப்பிராயங்கள்தான். இவர்களுக்கு யார் பேனா வாங்கிக் கொடுத்தது? டெட்ராய்ட்டிலிருந்து ஒரு பெண்: "எட்டு வருஷமா பாக்குறேன், புருஷன் பாட்டு இல்லாம கோர்ட் கலைஞ்சதே கிடையாது. வெட்டினவன் கையை ஒடிக்கணும்." இவளுக்கு மூளை இருக்கிறது. மில்வாக்கியிலிருந்து ஒருவன் மின்சார இரைச்சலைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அவன் மனிதன். மற்றதெல்லாம் குப்பை. மெம்ஃபிஸிலிருந்து ஒருவன்: "ஃப்ரிட்ஜ் அக்காவை ஜனாதிபதி தேர்தல்ல நிறுத்துங்க, என் ஓட்டு அவங்களுக்குத்தான்." இன்னொருவன், "அந்தப் புருஷன்காரன் மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு. பேச வராதோ என்னமோ" என்று எழுதியிருக்கிறான். பேச வராதாம்!

நேற்று லேக் தெருவில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று என்னைப் பழுது பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்து வேலை செய்கிறேன், உள்ளே மாட்டிக்கொண்டவன் கதவு இடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க வீடியோல வர்ற ஆளுதானே? உள்ள நாங்க யாரும் அழல, மோட்டாரைத் தட்டாதீங்க" என்கிறான். அவனை அப்படியே இரண்டு மணி நேரம் விட்டிருக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டேன்.

உன் கையெழுத்துக்கு இடம் விட்டு ஹோசியாவுக்கு எழுதிய கடிதம் இதோடு இருக்கிறது. போட்டு அனுப்பு. ஒரு பதிலைச் சொன்ன மனிதனை உலகம் முழுக்க ஊமையாக்கிவிட்டார்கள். அது உனக்குத் தப்பாகத் தெரியவில்லையா?

வெண்டெல்


கேரி
மார்ச் 25

வெண்டெல்,

கடிதத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

நீ சொன்னதாகச் சொல்லும் பதில் எனக்கு நினைவில்லை. உனக்கு ஒரு அடி தூரத்தில்தான் நின்றேன்.

வெட்டாத முழு டேப் ஹோசியாவிடம் இருக்குமே. போய்ப் பார். உனக்கு என் வார்த்தையைவிட டேப்மேல்தான் நம்பிக்கை.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. தேதி உனக்குத் தெரியும்.

வெர்லீன்


சிகாகோ
ஏப்ரல் 4, சனி, மதியம் 2.30

வெர்லீன்,

ஹோசியா வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். சட்டையைக்கூட மாற்றவில்லை.

சண்டை போடத்தான் போனேன். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். இருமல், ஒட்டுவேலை, என் பதில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆள் பனியனோடு நின்று முழுவதையும் கேட்டார். "முடிஞ்சுதா தம்பி? உள்ள வா. பாத்துட்டு என்னை அடிக்க வராதே, எனக்கு இடுப்பு சரியில்ல" என்றார்.

முழு டேப்பைப் போட்டார். உன் பாட்டு முடிகிறது. அவர், "சொல்லுப்பா, உன் பதில் என்ன?" என்கிறார். நீ என் பக்கம் திரும்புகிறாய். மைக் ஊளையிடுகிறது. நான் குனிகிறேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு திரையில் என் முதுகுதான். "ஒரு நிமிஷம் இரு. இந்த ஒயர்ல எர்த் விட்டுப்போயிருக்கு" என்கிறேன். சாவிக்கொத்திலிருந்த சின்னத் திருப்புளியை எடுக்கிறேன். நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாய். ஹோசியா இன்னொரு முறை கேட்கிறார். "ஒரு நிமிஷம்" என்கிறேன்.

ஜனங்கள் முதலில் நன்றாகச் சிரித்தார்கள். பிறகு முன்வரிசை நிறுத்தியது. பிறகு எல்லோரும். நீ தொண்டையைச் செருமியதுகூட டேப்பில் கேட்கிறது. நீயே படியில் இறங்கிப் போகிறாய். நான் நிமிர்ந்து, "இப்ப பேசு, சரியாப் போச்சு" என்கிறேன். அங்கே யாரும் இல்லை.

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" எங்கேயும் இல்லை. மூன்று முறை தேடிப் பார்த்தேன்.

"இருபது வருஷமா ஊரைச் சிரிக்க வைக்கிறோம்," என்றார் ஹோசியா. "அந்த இடத்துல எங்களால முடியல தம்பி. கிட்டார்க்காரன் கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டான். அதான் வெட்டிட்டுப் பழைய சிரிப்ப ஒட்டினோம். உன் மானத்துக்காகத்தான்."

டேப்பை வெளியே எடுத்துக்கொண்டே, "ஆனா மைக்கு நல்லாப் பாடிச்சு. அதுக்கு நன்றி" என்றார்.

எனக்கு இன்னும் கோபம்தான், வெர்லீன். அந்த மனுஷன்மேல் கோபம். யார் கேட்டது என் மானத்தை? நீ அங்கே நின்றாய். சபை முழுக்க வாயடைத்துப்போய் உன் பக்கம் இருந்தது. அந்த அமைதியின்மேல் எவனோ இருமுகிற சிரிப்பை ஒட்டி, வீட்டுக்கு வீடு விற்கிறார்கள். உன்னைத்தான் வெட்டியிருக்கிறார்கள், என்னை அல்ல. ஐந்து மாதம் நானும் அதே ஒட்டுவேலையைத்தான் தலைக்குள் செய்து வைத்திருக்கிறேன். அவர்களுடையதைவிடச் சுத்தமாக.

கோபத்தைத் திருப்பி அனுப்ப விலாசம் தேடினேன், என் விலாசம்தான் கிடைத்தது.

இதைக் காகிதத்தில் முடிக்க எனக்கு வராது. செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

வெண்டெல்

1. ரசிகர் மன்றத் தாளுக்கு என் அபிப்பிராயத்தை எழுதுவேன். ஒட்டின சிரிப்பை எடுத்துவிட்டு, முதுகையும் அமைதியையும் அப்படியே போடச் சொல்வேன். பெயர் போட்டு எழுதுவேன்.
2. ஏப்ரல் 11, சனிக்கிழமை காலை ரயிலில் கேரிக்கு வருவேன். ஒடெசா கதவைச் சாத்தினால் வாசலில் உட்காருவேன். அந்தக் கதவு கிறீச்சிடும் என்று எனக்குத் தெரியும். தொட மாட்டேன்.
3. கருவிப்பெட்டி வராது. சாவிக்கொத்தில் இருக்கும் திருப்புளியையும் கழற்றிவிட்டேன்.
4. செயின்ட் லூயிஸுக்கு நீ சரி என்று சொன்னால் உன் பெட்டியை நான் தூக்கி ரயிலில் ஏற்றுவேன். வாதாட மாட்டேன்.
5. அதற்கு முன்னால், அன்றைக்குச் சமையல்கட்டில் ஏன் அழுதாய் என்று கேட்பேன். எது இரைந்தாலும், நீ சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டேன்.